சீட்டித் துணியும் ஆறு நாற்காலிகளும்

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஆறு நாற்காலிகளுக்கும் உறை தைத்து முடித்தேன். எழுபத்தொரு வயதில் இது ஒரு சாதனையா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அந்த ஆறு உறைகளைத் தைக்கப்போய், முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் நான் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்த ஒரு சரித்திரப் பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. என் பழைய மாணவிகள் சிலர் நான் எழுதுவதை இன்னும் விடாமல் படிக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இது.

முதலில் நாற்காலிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில். அந்த வீட்டில் நாற்காலி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அது அப்பாவுடையது, அதுவும் பேப்பர் படிக்கத்தான். சாப்பாடு எல்லாருக்கும் தரையில். விருந்தாளி வந்தால் பலகை போடுவோம். சாப்பாட்டு மேசை எங்கள் குடும்பத்துக்குள் வந்தது 1994-ல், அம்மாவின் முழங்கால் வலியால். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. தவணை முறையில் ஒரு மேசையும் ஆறு நாற்காலிகளும் வாங்கிப் போட்டேன். முதல் நாள் அம்மா நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, "காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தின்னா சோறு எங்க போய் நிக்கும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த நாற்காலிகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. மரம் அசையவில்லை. மேலே போட்டிருந்த ரெக்சின்தான் வெடித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் மஞ்சள் தூளாக உதிர ஆரம்பித்தது. இவருடைய புது வேட்டி ஒரு ஆணியில் மாட்டிக் கிழிந்த அன்று வீட்டில் கூட்டம் கூடியது. "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்மா" என்றான் மகன். பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்டால், அவர் சொன்ன தொகையும் ஏறக்குறைய மகன் சொன்ன யோசனைக்கே வந்து நின்றது. "ஸ்பாஞ்ச் மட்டும் புதுசா வெட்டி ஒட்டிக் குடுங்க, உறையை நான் தைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் துணிக்கு என்ன செய்வது என்று யோசனை வந்தது.

துணி இருந்தது. பரண்மேல், ஒரு பழைய துப்பட்டியில் கட்டிய மூட்டையாக.

அம்மா அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். மிதிக்கிற மிஷின். பாவாடை, சட்டை, உள்பாவாடை, தலையணை உறை. நான் ஆசிரியர் பயிற்சி படித்த பணம் அந்த மிஷினில் இருந்து வந்ததுதான். தைத்ததுபோக மிஞ்சின துண்டுகளை வாடிக்கைக்காரர்கள் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் எடுத்து வைத்துக்கொள்வார். கேட்காமல் ஒரு கை அகலம்கூட எடுத்ததில்லை. அப்படிச் சேர்ந்த வெட்டுத்துணி மூட்டை அது. அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. வீடு மாற்றும்போதெல்லாம் மூட்டையும் கூடவே வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் முக்கால்வாசி சீட்டித் துணி. கொடியும் பூவும் போட்ட பருத்தி. சிலது என் சட்டையின் மிச்சம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. சிலது எந்த வீட்டுப் பெண்ணுடையது என்றுகூட நினைவுக்கு வந்தது.

தைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக முறையையும் சொல்லிவிடுகிறேன். உட்காரும் இடம் 18 அங்குலச் சதுரம். தையல் போடப்போட துணி உள்வாங்கும். அதனால் 20 அங்குலத்துக்கு வெட்டிக்கொண்டு, தைத்து முடித்த பிறகு அளவுக்கு நறுக்க வேண்டும். எல்லாத் துணியையும் முதலில் நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே ஒரு துண்டு சுருங்கி இன்னொன்று உப்பிக்கொண்டு நிற்கும். சாயம் போகிற துணியும் அந்த முதல் நனைப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சின்னத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி செய்துகொண்டேன். நடுவில் பழைய துப்பட்டியை இரண்டாக மடித்து வைத்தேன். நடுவில் இலவம் பஞ்சு வைத்தால் துவைக்கத் துவைக்க ஒரு மூலையில் போய் உருண்டுகொள்ளும். அடியில் கெட்டியான காடாத் துணி. மூன்று அடுக்கையும் கையால் நீளநீளமாக நூலோட்டி நிறுத்திவிட்டு, சாக்கட்டியால் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு, சாய்ப்பாகக் குறுக்கும் நெடுக்கும். 16-ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் பெரிய தையல். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் கொப்புளம் விழும். நான்கு மூலையிலும் நாடா வைத்து நாற்காலிக் காலோடு கட்டிவிட்டால், கழற்றித் துவைக்கலாம். சாம்பார் சிந்தாத சாப்பாட்டு மேசை ஏது!

இரண்டாவது உறை தைத்துக்கொண்டிருக்கும்போது எட்டாம் வகுப்புப் படிக்கிற பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது என்ன துணி பாட்டி?"

"சீட்டி."

"சீட்டின்னா விசில் அடிக்கிறதுதானே?"

"அது வேற சீட்டி. இது பூப்போட்ட துணி. இங்கிலீஷ்ல சின்ட்ஸ்."

"ஓ, சின்ட்ஸா! எங்க ஹிஸ்டரி புக்ல இருக்கே. இங்கிலாந்துல தடை பண்ணாங்களே, அதுவா?"

அதுதான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "எதுக்குப் பாட்டி ஒரு துணியைப் போய்த் தடை பண்ணாங்க? அப்புறம் நீங்க கட்டைவிரலை வெட்டினாங்கன்னு சொல்வீங்களே, அது இதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.

முப்பத்து மூன்று வருடத்தில் அந்த முன்னாடி பின்னாடிக் கேள்வியை ஒரு மாணவியும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. 'இந்தியத் துணிகளுக்கு இங்கிலாந்து 1700-லும் 1720-லும் தடை விதித்தது' என்பது எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. விடை எழுதினால் இரண்டு மார்க். வகுப்பு கொஞ்சம் தூங்கி வழிந்தால், வங்காள நெசவாளர்களின் கட்டைவிரலை வெள்ளைக்காரன் வெட்டிய கதையைச் சொல்வேன். உடனே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இப்போது பேத்திக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று மிஷினை மூடி வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். நான்கு நாள் தையல் நின்றது.

படித்ததை என் வழியில் சொல்கிறேன்.

ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கிழக்கே வந்தது மிளகுக்கும் கிராம்புக்கும். ஆனால் கிராம்பு விளைந்த தீவுகளில் அவர்களுடைய கம்பளியை வாங்க ஆள் இல்லை. அங்கே கேட்டதெல்லாம் நம் கரையின் பருத்தித் துணி. அதனால் சோழமண்டலக் கரையில் துணி வாங்கி, அதைக் கொடுத்து மசாலா வாங்கினார்கள். 1639-ல் பிரான்சிஸ் டே இங்கே வந்து கோட்டை கட்ட இடம் பேசியதற்கும் துணிதான் பெரிய காரணம். இந்தப் பக்கம் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. எங்கள் வண்ணாரப்பேட்டையே கம்பெனியின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டைதான். 1734-ல் நெசவாளர், நூற்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், வெளுப்பவர் ஆகியோரைக் குடியமர்த்த ஒரு பேட்டையை உண்டாக்கினார்கள். அது இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படி ஆனது என்பார்கள். நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோன இடம்!

அந்தத் துணிகளில் கொஞ்சம் ஐரோப்பாவுக்கும் போனது. போனவுடன் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது. அங்கே அதுவரை பூப்போட்ட துணி என்றால் பட்டிலோ கம்பளியிலோ நெய்ததாகவோ, ஊசியால் பின்னியதாகவோ இருக்கும். விலை அதிகம், துவைக்கவும் முடியாது. நம் சீட்டியோ மெல்லியது, மலிவு, துவைத்தாலும் சாயம் போகாது. துவைத்தாலும் போகாத சிவப்பு என்பது அன்றைய ஐரோப்பாவுக்குக் கிட்டத்தட்ட மந்திரம்.

மந்திரம் ஒன்றும் இல்லை, வேலைதான். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, மேலே தீட்டுகிற மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதிவிட்டு, துணியைச் சாயவேர் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்துவிடும். மற்ற இடத்தின் சாயம், சாண நீரில் நனைத்து வெயிலில் போட்டு அலச அலசப் போய்விடும். நீலம் வேண்டும் என்றால் மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி மறைத்துவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். சாயவேர் நம் கடற்கரை மணலில் முளைக்கிற சிறு செடியின் வேர். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலும் கிடைக்கும். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். எத்தனை கை பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நாற்காலிக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கம்பளி என்பது வெறும் துணி இல்லை, நாட்டின் பிழைப்பு. ஆடு மேய்ப்பவர், நூற்பவர், நெய்பவர் என்று பல்லாயிரம் குடும்பம். உடம்புக்கு மட்டுமில்லை, நாற்காலி இருக்கைக்கும் கம்பளிதான். 1680-களில் பிரம்பு பின்னிய நாற்காலிகள் அங்கே பிரபலமானபோதே, இருக்கைக்குக் கம்பளி விற்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் முறையிட்டிருக்கிறார்கள். அந்தப் பிரம்பும் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்ததுதான். பிரம்பு இருக்கை அழுத்துமே, அதற்குமேல் ஒரு மெத்தைத் திண்டு போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் புகுந்த சீட்டி, திரைச்சீலை, கட்டில், நாற்காலி என்று ஒவ்வொன்றாக ஏறியது. ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டீஃபோ 1708-ல் இதைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார். முன்பு தரையிலும் கட்டிலிலும் கிடந்த துணி இப்போது சீமாட்டிகளின் உடம்புக்கு வந்துவிட்டது, திரையும் திண்டும் நாற்காலியும் கட்டிலும் எல்லாம் இந்தியத் துணியாகிவிட்டது என்பது அவர் குறை.

முதல் சட்டம் 1700-ல் வந்தது. 1701 செப்டம்பரில் அமலானது. வண்ணம் தீட்டிய, அச்சுப் போட்ட இந்தியத் துணியை இறக்கி உள்நாட்டில் விற்கக்கூடாது. வெள்ளைத் துணி வரலாம். என்ன ஆயிற்று? நம் வெள்ளைத் துணியை இறக்கி, லண்டனிலேயே பூப்போட ஆரம்பித்துவிட்டார்கள். கம்பளிக்காரருக்குப் பழையபடியே நஷ்டம். 1719-ல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சீட்டி உடுத்திய பெண்களைக் கண்டால் விரட்டி, மேலே மையும் அமிலமும் ஊற்றி, உடையைக் கிழித்தார்கள். வயிற்றுப் பசிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்தது தெருவில் நடந்துபோன பெண்களின்மேல். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த சட்டம் 1721-ல். இதைத்தான் நாங்கள் 1720 என்று இரண்டு மார்க்குக்குப் படிக்கவைத்தது. 1722 டிசம்பர் 25 முதல் அமல், கிறிஸ்துமஸ் அன்று! இந்த முறை இறக்குமதியை மட்டும் நிறுத்தவில்லை. எங்கே அச்சுப் போட்டதாக இருந்தாலும் சரி, பூப்போட்ட பருத்தியை உடுத்தவே கூடாது. உடுத்தினால் 5 பவுண்டு அபராதம், அது காட்டிக்கொடுத்தவருக்குப் போய்ச் சேரும். உடையோடும் நிற்கவில்லை. கட்டில், நாற்காலி, திண்டு, சன்னல் திரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்த வீட்டுச் சாமானிலும் இந்தத் துணி இருக்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். முழுக்க நீலமாகச் சாயமிட்டது, மஸ்லின் போன்றவற்றுக்கு விலக்கு.

பேத்தியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். "அப்போ நாம இப்ப அங்க இருந்தா ஆறு நாற்காலிக்கும் ஃபைனா பாட்டி?" என்றாள். ஆமாம், மாட்டியிருப்போம். ஒரு பாட்டியும் பேத்தியும் உட்காரப் போகிற நாற்காலி உறையைப் பார்த்து ஒரு பேரரசின் நாடாளுமன்றம் பயந்திருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் இதை வெறும் வருடமாக மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன் நான்.

பிரான்ஸில் தடை இன்னும் முந்தியது. 1686 முதல் 1759 வரை. நெதர்லாந்து தடை போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ இந்தச் சட்டங்கள் பிடிக்கவே இல்லை; துணி இறக்குவது அவர்கள் பிழைப்பாயிற்றே. இதையும் வகுப்பில் நான் சொன்னதில்லை. 'வெள்ளைக்காரன்' என்ற ஒரே சொல்லில் கம்பெனி வியாபாரியையும் பட்டினி கிடந்த லண்டன் நெசவாளியையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

சட்டம் போட்டால் ஆசை போய்விடுமா? டேவிட் கேரிக் என்று லண்டனில் பெரிய நாடக நடிகர். கல்கத்தாவில் நாடகம் நடத்த உதவியதற்காக அங்கிருந்த வியாபாரிகள் அவருக்கும் மனைவிக்கும் கட்டில் திரைக்கான சீட்டித் துணியைப் பரிசாக அனுப்பினார்கள். நம் சோழமண்டலக் கரையில் செய்த துணி. 1775-ல் அதைச் சுங்கத்தார் பிடித்து வைத்துக்கொண்டார்கள். திருமதி கேரிக் அந்தத் துணிக்குப் பொருத்தமாக அறையின் நாற்காலிகளைக்கூடத் தயார் செய்து காத்திருந்தாராம். கேரிக் அதிகாரிக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார். எப்படியோ துணி கட்டிலுக்கு வந்து சேர்ந்தது; இன்றைக்கும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேரிக் பெயர் தெரிகிறது, கட்டில் செய்த தச்சுக்கூடம் சிப்பண்டேலுடையது என்று தெரிகிறது. பூவெல்லாம் தீட்டியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

தீட்டியவர்களிடம் இருந்த வித்தையும் இதற்குள் கப்பலேறிவிட்டது. 1730-களில் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஒரு சாயக்காரர் வேலை செய்யும்போது ஒவ்வொரு படியிலும் துணியில் ஒரு துண்டு வெட்டி வாங்கிக் குறிப்போடு சேர்த்துப் பாரிசுக்கு அனுப்பினார். குறிப்பும் துண்டுகளும் இன்னும் அங்கே உள்ளன. 1742-ல் கேர்து என்ற ஏசு சபைப் பாதிரியார், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதினார். கேட்டவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஆட்கள் ஒளித்து வைத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்குப் பெருமையா வருத்தமா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. சொல்லிக்கொடுப்பதே தொழிலாக இருந்தவளுக்கு இது எளிய கேள்வி இல்லை.

இங்கிலாந்தில் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 1736-ல் சணல்நார்ப் பாவும் பருத்தி ஊடையுமாக உள்நாட்டில் நெய்த துணியில் அச்சுப் போடலாம் என்றார்கள். அந்த இடைவெளியில் அச்சுத் தொழில் வளர்ந்தது, நூற்பு இயந்திரம் வந்தது. 1774-ல், ஆர்க்ரைட் போன்ற ஆலைக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி, முழுப் பருத்தியையும் அனுமதித்தார்கள். ஆனால் இங்கிலாந்தில் நூற்று நெய்ததாக இருக்க வேண்டும். அதற்கு அடையாளம், துணிக் கரையில் நீளவாக்கில் மூன்று நீல இழை. நம் துணிக்குத் தடை நீடித்தது. கேரிக் வீட்டுத் துணியைப் பிடித்தது அதற்கு அடுத்த வருடம்தான். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் ஆலைத் துணி கப்பல் கப்பலாக இங்கேயே வந்து இறங்கியது. அம்மாவின் மூட்டையில் இருப்பதும் ஆலையில் அச்சுப் போட்ட துணிதான். சாயவேர்ச் சிவப்பு இல்லை. சீட்டி என்ற பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இனி என் மாணவிகளுக்கான திருத்தம்.

கட்டைவிரல் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது வில்லியம் போல்ட்ஸ் என்பவர் 1772-ல் வெளியிட்ட புத்தகம். அவரே கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு அதோடு சண்டை போட்டவர். அவர் எழுதியது, பட்டு நூல் சுற்றுகிறவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியதால், அதிலிருந்து தப்பிக்க அவர்களே தங்கள் கட்டைவிரலை வெட்டிக்கொண்டதும் உண்டு என்று. வெள்ளைக்காரன் மஸ்லின் நெசவாளியின் விரலை வெட்டினான் என்று இல்லை. நான் சொன்னது தப்பு. ஆனால் அதனால் கொடுமை குறைந்துவிடவில்லை. ஒரு மனிதன் தன் பிழைப்பையே தன் கையால் வெட்டிப்போடும் அளவுக்கு நெருக்கியிருக்கிறார்கள் என்பது, நான் சொன்ன கதையைவிடக் கனமானது. கத்தியோடு வரும் வில்லன் கதையை நான் விரும்பியதற்குக் காரணம், அதில் விளக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

பேத்தியின் முன்னாடி பின்னாடிக் கேள்விக்கும் இதுதான் பதில். நாற்காலிச் சட்டம் 1721. பிளாசிப் போர் 1757. வங்காளத்தில் கம்பெனி ஆட்சி வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, அங்கே ஒரு காகிதத்தில் நம் துணிக்குக் கதவு சாத்தியாயிற்று. அந்தச் சட்டம் ஒன்றே நம் நெசவை அழிக்கவில்லை. வேறு நாடுகளுக்குத் துணி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர்கள் தொழில் வளர்வதற்கு அது ஐம்பது வருட நிழல் கொடுத்தது. விரல் வெட்டிய கதையை மட்டும் தெரிந்தவர்களுக்கு இது புரியாது. இன்றைக்கு ஏதாவது ஒரு நாடு வரி போட்டு நம் திருப்பூர்ச் சரக்கை நிறுத்தினால், அதை வெறும் வியாபாரச் செய்தி என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். என் வகுப்பில் இருந்து அப்படி எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியா பகுதியில் லெவன்ஸ் ஹால் என்று ஒரு பழைய மாளிகை. அங்கே இருக்கிற ஒரு கட்டில் போர்வையும் திரையும், துண்டுத் துணி இணைத்துத் தைத்தவற்றில் அந்த நாட்டிலேயே மிகப் பழையவை என்று சொல்கிறார்கள். வீட்டுப் பெண்கள் 1708 வாக்கில் தைத்ததாம்; டீஃபோ புலம்பிய அதே வருடம். துண்டுகள் எல்லாம் இந்தியச் சீட்டி. வெளியே இருந்து வரவு நின்றுபோன காலத்தில், வெட்டி மிஞ்சியதில் ஒரு துண்டைக்கூட வீசியெறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன? படத்தைப் பார்த்தபோது அம்மாவின் மூட்டைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்கள் மெனக்கெட்டுத் தைத்ததால்தான் நம் கரையில் யாரோ தீட்டிய பூ முந்நூறு வருடம் கழித்தும் இருக்கிறது. முழுசாக உடுத்தியதெல்லாம் கிழிந்து போயிற்று.

அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடியது. மூட்டையில் இருப்பதை நறுக்கலாமா, அம்மா வைத்தபடியே வைத்திருக்கலாமா என்று உள்ளுக்குள் இருந்த தயக்கம் போய்விட்டது. மீதி நான்கு உறையையும் பத்து நாளில் முடித்தேன். அடித்துணியின் ஓரத்தில், உள்பக்கம், ஒவ்வொன்றிலும் அம்மா பெயரைச் சிவப்பு நூலால் தைத்தேன். பேத்தி தானும் ஒன்றில் தைப்பேன் என்று அடம்பிடித்து எழுத்தைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரமே இவர் ரசத்தைக் கொட்டினார். கழற்றித் துவைத்துக் காயப்போட்டாயிற்று. சாயம் போகவில்லை.

உங்கள் வீட்டில் 'சீட்டி' என்ற சொல் இன்னும் புழங்குகிறதா? அம்மாவோ பாட்டியோ வைத்திருந்த வெட்டுத்துணி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். என் மாணவிகள் யாராவது ஆசிரியராக இருந்தால், அந்த இரண்டு மார்க் கேள்வியைக் கேட்கும்போது நாற்காலியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.